மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டர்: வரலாறும் வரலாற்றெழுத்தும்

சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துள் பழமை தோன்ற நிற்கும் சிறு கட்டடம் ஒன்று உண்டு. அஞ்சல்தலை சேகரிப்போர் அதனை நன்கறிவர். அஞ்சல்தலைப் பிரிவு நெடுங்காலம் இயங்கி வந்த இடம் அதுவே. அச்சாலை மவுண்ட் ரோடு என வழங்கிய நாளில், 1913-ஆம் ஆண்டு, வார்விக் மேஜர், ரெஜினால்டு அயர் என்னும் ஐரோப்பியர் இருவர் திரைப்படம் காட்டுதற்கென்றே எழுப்பிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. ஈராண்டளவே அஃது அரங்காக நடந்தது. 1915-இல் அஞ்சல் துறையின் கைக்கு மாறிற்று. அதன் வரலாற்றைக் கூறப் புகுவார்க்கு இந்நான்கு வரிகளே போதும் எனத் தோன்றும். ஆயினும் இந்நான்கு வரிகளைப் பற்றி எழுதினோர் தம்முள் மாறுபடுகின்றனர். மாறுபடாத இடத்தும், 'சென்னையின் முதல் திரையரங்கு' என்னும் தொடரை ஆராயாது ஒருவர் கூறியதை மற்றொருவர் கூறிச் செல்கின்றனர். அக்கூற்றுகளுள் கொள்ளத்தக்கன யாவை, தள்ளத்தக்கன யாவை என ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

தமிழாய்வுக்குரிய இதழில் இக்கட்டடத்திற்கு இடம் ஏன் எனச் சிலர் வினவக்கூடும். வினா பொருளற்றதன்று. இவ்வரங்கை நடத்தியோர் தமிழரல்லர். இதனை விரும்பி நாடியோருள் பெரும்பாலார் நகர வெள்ளையர். இதில் ஓடிய படங்கள் ஊமைப் படங்கள். தமிழின் முதற் பேசும்படம் எனப்படும் 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் வெளிவந்தது 1931 அக்டோபர் 31-இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே எலெக்ட்ரிக் தியேட்டரின் விளக்கு அணைந்துவிட்டது. எனவே, திரையிலிருந்து எழும் தமிழ்ச்சொல் ஒன்றினையேனும் கேட்டறியாத சுவர்கள் இவை. இருந்தும், தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் தொடக்கத்தில் இவ்வாயிலைக் கடந்தே செல்கின்றனர். தமிழல்லாத ஒன்று தமிழ்க்கலை ஒன்றன் தோற்றுவாயாக எவ்வாறு ஆயிற்று என்பது நம் துறைக்குரிய வினாவே.

காலத்தை முதற்கண் உறுதி செய்தல் வேண்டும். இக்கட்டடம் 1900-இல் எழுந்தது எனச் சிலர் எழுதியுள்ளனர். அவ்வாண்டு ஏற்புடையதன்று என்பதற்குக் காரணம் பலவுள. 'எலெக்ட்ரிக் தியேட்டர்' என்னும் பெயர் உலகில் வழங்கத் தொடங்கிய காலத்தை நோக்குக. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டாலி என்பார் அப்பெயரால் அரங்கு திறந்தது 1902-இல். பிட்ஸ்பர்க்கில் நிக்கலோடியன் தோன்றியது 1905-இல். கல்கத்தாவில் ஜே. எப். மதன் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் கண்டது 1907-இல். இங்கிலாந்தின் பர்மிங்காமில் எலெக்ட்ரிக் என்னும் பெயரோடு அரங்கு எழுந்தது 1909-இல். இவையெல்லாம் பிந்தியிருக்க, சென்னை மட்டும் 1900-இலேயே நிலையான அரங்கமைத்து அப்பெயரும் சூட்டியிருந்தது எனக் கொள்வது வியப்பாகவே இருக்கும். மின்சார டிராம் வண்டி 1895-இலேயே சென்னையில் ஓடியது உண்மையே. ஆயின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொதுவாக மின்சாரம் வழங்கப்பட்டது அதற்கு ஒரு பத்தாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே. மேலும், 1911-இல் கிளக் அம்மையார் பிராட்வேயில் சின்னாள் நடத்திய பயாஸ்கோப்பை, நகரில் ஓரிடத்தே நிலைத்துப் படங்காட்ட முயன்ற முதல் முயற்சியாக வரலாற்றாசிரியர் குறிப்பர். 1900-இல் ஓர் அரங்கு இருந்திருப்பின் அக்குறிப்புக்கே இடமில்லை. ஆதலின் 1913 என்பதே கொள்ளத்தக்கது.

பெயரிலும் ஒரு பிழை புகுந்துள்ளது. 'வார்விக் மேஜர்' என்பதை 'மேஜர் வார்விக்' எனத் திருப்பி எழுதியோர் உளர். அவ்வாறு திருப்பியதும் குடும்பப் பெயர் படைப்பதவியாகி, அரங்கு கண்டவர் ஒரு படைத்தலைவராகிவிடுகின்றார்! ஏடு பெயர்த்தெழுதுவோர் தமக்குத் தெரிந்த சொல்லாகத் தெரியாத சொல்லை மாற்றிவிடும் பிழையை நாம் பழஞ்சுவடிகளில் நாள்தோறும் காண்கிறோம். அச்சு நூல்களிலும் அதுவே நிகழ்ந்தது எனக் கருதுகின்றோம். ஒருவர் செய்த பிழையைப் பதின்மர் வழிமொழிந்தால் அது பாடமாகிவிடாது.

இனி, 1913-க்கு முன் சென்னையில் படங்காட்டும் தொழில் எவ்வாறு நடந்தது எனக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலேயே அசையும் படங்கள் சென்னைக்கு வந்துவிட்டன. விக்டோரியா பொதுமண்டபத்தில் அவை காட்டப்பட்டன. அம்மண்டபம் நாடகத்திற்கும் கூட்டத்திற்கும் உரியது. படங்காட்டுவோன் அங்கு வாடகைக்கு வந்தவன். திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் கிறித்துவின் வாழ்வைக் காட்டும் படம் முதலியவற்றையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார். ஒளிப்படக் கலைஞராக மவுண்ட் ரோட்டில் தொழில் நடத்திய ரகுபதி வெங்கையா, இசைத்தட்டின் ஒலியோடு படத்தை இணைத்துக் காட்டும் குரோனோபோன் என்னும் கருவியை வரவழைத்துச் சென்னையிலும், பின்னர் இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் காட்டினார். இவர்களுக்கெல்லாம் படம் இருந்தது, கருவி இருந்தது, காண்போர் இருந்தனர். இல்லாதது நிலையான கூரை ஒன்றே.

மேஜரும் அயரும் செய்தது அக்கூரையை அமைத்ததுதான். அஃது எளிய செயலன்று. நாடக அரங்கிற்கு மேடை வேண்டும், ஒப்பனையறை வேண்டும். படவரங்கிற்கு இவை வேண்டா. ஒளி வீசும் கருவிக்கு ஓர் அறையும், ஒளி ஏற்கும் வெண்டிரைக்கு ஒரு சுவரும், இவ்விரண்டிற்கும் இடையே தூண் குறுக்கிடாத நெடுங்கூடமும், பகலிலும் இருள் தேக்கும் அடைப்பும் வேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதையுள் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறும் இளங்கோவடிகள், தூணின் நிழல் அவைக்கண் விழாதவாறு விளக்கமைத்த திறத்தையும் கூறுகின்றார். நிழலை விலக்குவது அவ்வரங்கின் இலக்கணம். நிழலையே காட்சியாக்குவது இவ்வரங்கின் இலக்கணம். (இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் திரைப்படம் அறிந்திருந்தனர் என யாரேனும் எழுதப் புகுவாராயின், அவர்க்கு நாம் துணை நில்லோம்.) அன்றைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆயது, எளிதில் தீப்பற்றும். கரித்துண்டுகள் இரண்டிற்கு இடையே பாயும் மின்வில்லின் கொடுவெப்பத்திற்கு அணித்தே அச்சுருள் ஓட வேண்டும். திரைப்படத்திற்கென இந்தியாவில் தனிச்சட்டம் பிறந்தது 1918-இல்தான். அதற்கு முன் சென்னையில் இருந்தது, பொதுமக்கள் கூடும் இடங்களுக்கான 1888-ஆம் ஆண்டுச் சட்டமே. எனவே படவரங்கு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் முன்மாதிரியோ விதியோ மிகுதியாக இல்லாத காலத்தில் இக்கட்டடம் எழுந்தது. அதன் சிறப்பை 'முதல்' என்னும் சொல்லில் தேடுவதினும் இவ்விடத்தே தேடுவது பொருத்தமாம்.

பெயரும் ஆராயத்தக்கது. 'எலெக்ட்ரிக்' என்பது காட்டப்படும் பொருளைக் குறியாது, காட்டும் ஆற்றலைக் குறிக்கின்றது. மின்விளக்கே பலர்க்கு வேடிக்கையாக இருந்த காலத்தில், மின்சாரம் என்பதே மக்களை அழைக்கும் விளம்பரமாயிற்று. 'பயாஸ்கோப்' என்பதோ கருவியின் பெயர். 1914-இல் வெங்கையா, மவுண்ட் ரோட்டை அடுத்த பிளாக்கர்ஸ் ரோட்டில் எழுப்பிய அரங்கிற்குக் 'கெயிட்டி' எனப் பெயரிட்டார். களிப்பு என்பது அதன் பொருள். அதே 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் கட்டியது 'வெரைட்டி ஹால்'; பல்வகைக் காட்சி என்பது அதன் பொருள். ஓராண்டுக்குள் பெயரிடும் முறை கருவியினின்றும் நீங்கிக் காண்போரின் சுவையைப் பற்றிக்கொண்டமை காண்க. மின்சாரம் பழகிப்போனதும் அப்பெயரின் கவர்ச்சியும் குறைந்திருக்கும். பேசும்படம் வந்தபின் மீண்டும் கருவியின் புதுமையே பெயராகி, 'டாக்கீஸ்' எனத் தமிழகமெங்கும் பரவிற்று. இவற்றிற்கிடையே மக்கள் தாமே வழங்கிய சொல் 'கொட்டகை'. கீற்று வேய்ந்த கூடாரத்திற்கு உரிய அச்சொல்லைச் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் ஆகிய மாளிகைக்கும் அவர்கள் தயங்காது இட்டு வழங்கினர். கூடாரமே தமிழ் மக்களுக்கு முந்திய அரங்கு, கட்டடம் பிந்தியது என்பதற்கு இவ்வழக்கே சான்றாகும். கட்டடங்களை மட்டும் எண்ணி வரலாறு எழுதுவோர் இச்சான்றைக் கருதாது விடுகின்றனர்.

இனி 'முதல்' என்னும் சொல்லுக்கு வருவோம். கிளக் அம்மையாரின் பயாஸ்கோப் காலத்தால் முந்தியது. ஆயின் சில திங்களே நடந்தது. எலெக்ட்ரிக் தியேட்டர் படத்திற்கெனவே கட்டப்பட்டவற்றுள் சென்னையில் முந்தியது. கெயிட்டி, சென்னையில் இந்தியர் ஒருவர் உரிமையில் எழுந்தவற்றுள் முந்தியது. வெரைட்டி ஹால் தமிழர் ஒருவரால் எழுந்தது. தலைநகருக்கு வெளியே எழுந்தது. ஒவ்வொன்றும் ஓர் அடைமொழியோடு முதலாவதே. அடைமொழியை நீக்கினால் நான்கும் ஒன்றோடொன்று போரிடும். தமிழின் முதற் புதினம் எது என்னும் வாதத்தில் நாம் இதனை நன்கறிவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது என்பதை யாரும் மறுப்பதில்லை. புதினம் என்பதன் இலக்கணம் யாது என்பதிலேதான் வாதம் எழும். அரங்கின் செய்தியும் அத்தகையதே. 'முதல்' எனக் கூறுவோர் வரலாற்றைக் கூறவில்லை. தாம் எதனை அரங்கு எனக் கொள்கின்றனர் என்பதையே கூறுகின்றனர். ஐரோப்பியர் கட்டியதை முதலாகக் கொள்வோர்க்கு அரங்கு என்பது கட்டடம். வெங்கையாவை முதல்வராகக் கொள்வோர்க்கு அரங்கு என்பது உரிமை. சாமிக்கண்ணுவின் கூடாரத்தை முதலாகக் கொள்வோர்க்கு அரங்கு என்பது காண்போர் கூட்டம். நம்முடைய கருத்தும் கேட்கப்படுமாயின், மூன்றாவது கூறுவோர் பக்கமே நாம் சாய்வோம்.

இவ்வரங்கு ஈராண்டில் முடிவுற்றது ஏன்? 1914-இல் தொடங்கிய உலகப்போரே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நகரத்தார் பலர் அஞ்சி ஊரை விட்டு நீங்கினர். ஆயினும் அதே போர்க்காலத்தில் கெயிட்டி நடந்தது. வெங்கையா பின்னர்த் தங்கசாலைத் தெருவில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப் என மேலும் அரங்குகள் கண்டார். போர் எல்லார்க்கும் பொது. முடிவு ஒருவர்க்கு மட்டும் வந்தது. ஆதலின் போரை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. ஸ்பென்சர் கடையும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலையும் பி. ஓர் கடிகாரக் கடையும் இருந்த அச்சாலை, வெள்ளையரும் அவரைச் சார்ந்தோரும் பொருள் கொள்ள வரும் சாலை. அத்தொகையினர் சிறியர். அவர்களுக்குள்ளேயே ஓர் அரங்கு வாழ்வது கடினம். அருகே போட்டி அரங்குகள் எழுந்தபின் மேலும் கடினம். வெங்கையாவோ தம் பிற்கால அரங்குகளை நகர மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளுக்குக் கொண்டு சென்றார். இவ்விடவேறுபாடே இரண்டு முயற்சிகளின் வேறுபட்ட முடிவை விளக்க வல்லது என்பது நம் துணிபு.

கட்டடம் எவ்வாறு எஞ்சியது என்பது இன்னும் வியப்புடையது. கெயிட்டி ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அரங்காகவே வாழ்ந்தது. ஊமைப் படத்தையும் கண்டது, பேசும்படத்தையும் கண்டது. அரங்காக இருந்ததனாலேயே, அத்தொழில் நலிந்தபோது அதன் நிலம் அதன் கட்டடத்தினும் விலை மிக்கதாயிற்று. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் அது இடிக்கப்பட்டது. மவுண்ட் ரோட்டு வெல்லிங்டன் அரங்கின் பெயர் இன்று ஒரு வணிக வளாகத்தின் பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. வெரைட்டி ஹாலோ கோயம்புத்தூரில் ஒரு சாலைக்குத் தன் பெயரை ஈந்தது. எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் நிற்கின்றது. அரங்காக இருப்பதை விரைவில் விட்டுவிட்டதனால் நிற்கின்றது. அஞ்சல் துறை அதனை வாங்கியிராவிடில், வேறு தனியார் ஒருவர் கையில் அது பலமுறை விலைபோய் அழிந்திருக்கும் எனல் மிகையாகாது. திரைப்படம் காத்த கட்டடங்கள் அழிந்தன. அஞ்சல்தலை காத்த கட்டடம் பிழைத்தது!

இதனால் வரலாற்றெழுத்தில் நேர்ந்த கோணல் ஒன்றுண்டு. கண்முன் நிற்பதனையே முதலாவதாகக் கொள்ளும் இயல்பு நமக்கு எளிதில் வந்துவிடுகின்றது. படம் பிடிக்கக் கட்டடம் இருப்பதால் நாளிதழ்கள் எலெக்ட்ரிக் தியேட்டரை ஆண்டுதோறும் நினைக்கின்றன. இருந்த இடமே மறைந்த கூடாரங்களுக்கு அந்நல்வாய்ப்பு இல்லை. கிடைத்த நூல்களைக் கொண்டே சங்க இலக்கியத்தின் பரப்பு இவ்வளவே என எண்ணுவார் செய்யும் பிழையும் இதுவே. எஞ்சியது சிறந்ததும் அன்று, முந்தியதும் அன்று, எஞ்சியது, அவ்வளவே. உ. வே. சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை கடற்கரைச் சாலையின் மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். இக்கட்டடம் அரங்காக விளங்கிய ஈராண்டும் அதற்குட்பட்டவையே. செல்லரித்த ஏடுகளிலிருந்து பழம்பாடங்களைப் பெரியவர் ஒருவர் மீட்டுக்கொண்டிருந்த அதே நகரில், பின்னாளில் மீட்கப்பட வேண்டிய பிறிதொரு சான்று அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

சுவடியை நோக்கும் கண்ணோடே இக்கட்டடத்தையும் நோக்குதல் வேண்டும் என்பது நம் பரிந்துரை. அரங்காக இருந்தபோது அமைந்தவை மூலபாடம். அஞ்சலகமான பின் நூறாண்டுக்கு மேல் புகுந்த தடுப்புகள், மேசைகள், சாளரங்கள் முதலியன இடைச்செருகல். இடைச்செருகல் என்பதனால் இகழத்தக்கதன்று. அதுவும் ஒரு காலத்தின் சான்றே. ஆயின் எது எதுவென வேறுபடுத்திக் காட்டும் பதிப்பு வேண்டும். கூடத்தின் நீள அகலமும், சுவரில் அடைக்கப்பட்ட துளைகளும், கூரையின் அமைப்பும் அளந்து வரையப்படுமாயின், ஒளிக்கருவி நின்ற இடமும் திரை தொங்கிய இடமும் எத்தனை பேர் அமரலாயிற்று என்பதும் விளங்கும். அளவு கூறாத அரங்க வரலாறு யாப்புக் கூறாத செய்யுள் உரை போல்வதாம்.

திரை வரலாற்று நூல்கள் இவ்வகையில் நமக்கு உதவுவன சிலவே. பெரும்பாலானவை படங்களின் நிரலாகவோ நடிகரின் வாழ்வாகவோ அமைந்தவை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட்டியல் ஒருவர் உழைப்பால் ஆகியது என்பதை எண்ணும்போது வணங்கத்தக்கது. ஆயினும் அதில் படம் எங்கே பார்க்கப்பட்டது என்னும் செய்தி படத்திற்குப் பின்னே நிற்கின்றது. 1981-இல் வெளிவந்த தியடோர் பாஸ்கரனின் 'மெசேஜ் பேரர்ஸ்' என்னும் ஆங்கில நூல் நாடகம், பாட்டு, ஊமைப்படம் ஆகியவற்றை விடுதலை இயக்கத்தோடு இணைத்துக் காட்டித் துறைக்கே அடிகோலியது. அதன் வினா அரசியல். அரங்கு அவ்வரசியலின் களமாக வருகின்றது. அவ்வாசிரியர் அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்தவர் என்பது இக்கட்டடத்தின் கதையில் இனிய பொருத்தம். ஸ்டீபன் ஹியூஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளரோ படத்தை விட்டு, படம் காட்டப்பட்ட முறையையும் காண்போரையும் ஆய்வுப் பொருளாக்கினார். அன்றைய நாளிதழ் விளம்பரங்களைச் சான்றாகக் கொள்ளும் அவர் முறை நம் மாணாக்கர் பின்பற்றத்தக்கது. குறை ஒன்றுண்டு: விளம்பரம் ஆங்கில இதழ்களில் மிகுதியாதலின், விளம்பரம் செய்ய வசதியிலாத கூடாரக்காரர் அச்சான்றிலும் மறைந்தே நிற்பர். 1927-28-இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த திரைப்பட விசாரணைக் குழுவின் சான்றுத் தொகுதிகளைத் தமிழில் ஆராய்ந்து எழுதுவார் உளராயின், அரங்குகளையும் காண்போரையும் பற்றிய செய்திகள் நமக்கு மிகும்.

கட்டடத்தின் வாயிலில் அறிவிப்புப் பலகை வைக்கப்படின், அதன்கண் பொறிக்கும் தொடரையும் நாம் முன்மொழிய விரும்புகின்றோம்: 'வார்விக் மேஜர், ரெஜினால்டு அயர் ஆகியோர் 1913-இல் திரைப்படத்திற்கெனச் சென்னையில் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், 1915 முதல் அஞ்சல் துறைக்குரியது.' 'முதல்' என்னும் சொல் இதில் அஞ்சல் துறையைப் பற்றிய இடத்தில் மட்டுமே வருகின்றது.